சிறுதிரையில் தமிழ் எழுத்து: நுண்கட்டுப்படுத்தி மதிப்பீட்டுப் பலகையின் காட்சி விரிவாக்கம் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

நுண்கட்டுப்படுத்தி மதிப்பீட்டுப் பலகைகளுடன் இணைக்கப்படும் சிறு காட்சித்திரைகளில் தமிழ் இடம்பெறாமைக்கு நினைவகப் பற்றாக்குறையே காரணம் என்ற விளக்கம் எளிதில் ஏற்கப்பட்டுவிடுகிறது. சாம் டி21 எக்ஸ்பிளெயின்டு புரோ பலகையையும் அதனுடன் இணையும் ஓஎல்இடி1 எக்ஸ்பிளெயின்டு புரோ காட்சிப் பலகையையும் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை அவ்விளக்கத்தை மறுக்கிறது. தமிழுக்குரிய முழு எழுத்துருவும் அப்பலகையின் நிலைநினைவகத்தில் 3 விழுக்காட்டுக்கும் குறைவான இடத்தையே கொள்ளும் என்பது கணக்கிட்டுக் காட்டப்படுகிறது. தடை நிரல் நூலகத்தின் எழுத்துக் கோட்பாட்டில் உள்ளது. அத்தடை நீங்கிய பின்னரும் எஞ்சும் சிக்கல் திரையின் அகலமே ஆகும். தமிழ்த் தொடரில் எதிர்மறை இறுதியில் நிற்பதால், விளிம்பில் அறுபடும் தொடர் பொருள் மாறிப் படிக்கப்படலாம். ஆகவே சிறுதிரைத் தமிழ் எழுத்துருச் சிக்கலாக மட்டுமன்றித் தொடரமைப்புச் சிக்கலாகவும் அணுகப்பட வேண்டும் என்பது இக்கட்டுரையின் முடிவு.

திறவுச்சொற்கள்: நுண்கட்டுப்படுத்தி, காட்சி விரிவாக்கப் பலகை, எழுத்துரு, ஒருங்குறி, எழுத்துச் சீர்திருத்தம், எதிர்மறை

1. முன்னுரை

கணினியிலும் கைப்பேசியிலும் தமிழ் எழுதுவதும் படிப்பதும் இன்று இயல்பாகிவிட்டன. ஆயினும் எடைக்கருவி, மின்னளவி, நீரேற்றிக் கட்டுப்பாட்டுப் பெட்டி, வெப்பநிலை காட்டி ஆகியவற்றின் சிறுதிரைகளில் தமிழ் அரிதாகவே தென்படுகிறது. இக்கருவிகளுள் பலவற்றின் உள்ளே இருப்பது ஒரு நுண்கட்டுப்படுத்தி. அதனைக் கற்போரும் வடிவமைப்போரும் முதலில் கையாள்வது மதிப்பீட்டுப் பலகை எனப்படும் பயிற்சிக் கருவியை. அப்பலகையோடு வரும் எடுத்துக்காட்டு நிரல்கள் எந்த எழுத்தைக் காட்டுகின்றனவோ, பின்னர் உருவாகும் கருவிகளும் பெரும்பாலும் அதனையே காட்டும். எனவே மதிப்பீட்டுப் பலகையும் அதன் நிரல் நூலகமும் வெறும் பொறியியல் பொருள்கள் அல்ல. எழுத்து என்பது யாது, படிப்பவர் யார் என்பன பற்றிய முன்முடிவுகளைக் கொண்ட பனுவல்களாகவும் அவற்றைப் படிக்க இடமுண்டு. அத்தகைய வாசிப்பு ஒன்றை முன்வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. பலகையும் விரிவாக்கமும்

சாம் டி21 எக்ஸ்பிளெயின்டு புரோ, அட்மெல் நிறுவனம் வெளியிட்ட மதிப்பீட்டுப் பலகை. அந்நிறுவனத்தை 2016இல் மைக்ரோசிப் நிறுவனம் வாங்கியது. பலகையின் நடுவே உள்ள நுண்கட்டுப்படுத்தி ஆர்ம் கார்டெக்ஸ்-எம்0+ வகையைச் சார்ந்தது. அதன் வேகம் 48 மெகாஹெர்ட்ஸ் வரை செல்லும். நிரலும் மாறாத தரவுகளும் தங்கும் நிலைநினைவகம் 256 கிலோபைட். இயங்கும்போது பயன்படும் வேலைநினைவகம் 32 கிலோபைட்.

பலகையின் ஓரங்களில் 20 முனைகள் கொண்ட விரிவாக்கத் தலைப்புகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஒரு துணைப் பலகையைச் செருகலாம். ஐஓ1 என்னும் துணைப் பலகை வெப்பநிலை உணரியும் ஒளி உணரியும் கொண்டது. ஓஎல்இடி1 என்னும் துணைப் பலகை ஒரு காட்சித்திரையையும் மூன்று பொத்தான்களையும் மூன்று ஒளியுமிழ் டையோடுகளையும் கொண்டது. ஒன்றில் அளந்து மற்றொன்றில் காட்டுவது கற்போர் செய்து பார்க்கும் இயல்பான பயிற்சி.

எக்ஸ்பிளெயின்டு புரோ துணைப் பலகை ஒவ்வொன்றிலும் அடையாளச் சில்லு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். பலகையைக் கணினியோடு இணைத்ததும், எந்தத் தலைப்பில் எந்தத் துணைப் பலகை செருகப்பட்டுள்ளது என்பதை முதன்மைப் பலகை அச்சில்லின் வழி அறிந்து தெரிவிக்கும். தன்னோடு இணையும் கருவி எது என்பதை அறிய இத்துணை ஏற்பாடு செய்த வடிவமைப்பு, தன் திரையைப் படிக்கும் மனிதர் எம்மொழியினர் என்ற வினாவுக்கு இடமே வைக்கவில்லை. இக்கட்டுரையின் தொடக்கப் புள்ளி இம்முரண்பாடே.

ஓஎல்இடி1 பலகையின் திரை 128 நெடுவரிசைகளும் 32 கிடைவரிசைகளும் கொண்டது. அதனை இயக்குவது எஸ்எஸ்டி1306 என்னும் சில்லு. அச்சில்லு கிடைவரிசைகளை எட்டெட்டாகப் பிரித்து ஒவ்வொரு பிரிவையும் 'பக்கம்' என்று கொள்கிறது. ஒரு பைட் ஒரு நெடுவரிசையில் மேலிருந்து கீழாக எட்டு பிக்சல்களைக் குறிக்கும். 32 கிடைவரிசைகள் நான்கு பக்கங்களாகும். முழுத்திரைக்கும் 512 பைட் போதும். தொடர் இணைப்பு வழியே இச்சில்லுக்கு எழுத இயலும். அதிலிருந்து திரும்பப் படிக்க இயலாது. ஆதலால் திரையின் படி ஒன்றை நுண்கட்டுப்படுத்தி தன் வேலைநினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. அதற்குச் செலவாகும் 512 பைட், 32 கிலோபைட்டில் 64இல் ஒரு பங்கு மட்டுமே.

திரையைப் பொறுத்தவரை எம்மொழிக்கும் தனிச்சலுகை இல்லை என்பது இதனால் விளங்கும். அதற்குத் தெரிந்தவை ஒளிரும் பிக்சலும் ஒளிராப் பிக்சலும் மட்டுமே. மொழி நுழையும் இடம் நிரல் நூலகம்.

3. அட்டவணை என்னும் முன்முடிவு

அட்மெல் மென்பொருள் சட்டகத்தோடு வழங்கப்பட்ட ஒருநிற வரைகலை நூலகத்தில் அடிப்படை எழுத்துரு ஒன்று உள்ளது. எழுத்து ஒன்றின் அகலம் 6 நெடுவரிசை. உயரம் 7 கிடைவரிசை. அட்டவணை இடைவெளிக்குறியில் தொடங்கி ஆஸ்கி வரிசையின் இறுதியோடு முடிகிறது. தொடரைக் காட்டும் செயற்கூறு ஒரு பைட்டை எடுக்கும். அதன் எண்ணிலிருந்து இடைவெளிக்குறியின் எண்ணைக் கழிக்கும். கிடைத்த எண்ணுக்குரிய உருவத்தை வரையும். ஆறு நெடுவரிசை நகரும். பின்னர் அடுத்த பைட்டுக்குச் செல்லும்.

இச்சிறு நடைமுறைக்குள் நான்கு கோட்பாடுகள் பொதிந்துள்ளன. ஒரு பைட் ஓர் எழுத்து என்பது முதலாவது. எல்லா எழுத்துக்கும் அகலம் ஒன்றே என்பது இரண்டாவது. சேமிக்கப்பட்ட வரிசையே காட்டும் வரிசை என்பது மூன்றாவது. ஒரு பக்கத்தின் எட்டுக் கிடைவரிசைக்குள் எழுத்து அடங்கும் என்பது நான்காவது. ஆங்கிலத்திற்கு இந்நான்கும் ஏறத்தாழப் பொருந்தும். தமிழுக்கு ஒன்றும் பொருந்தாது.

இவ்வட்டவணை இயற்கையின் விதி அன்று, ஒரு தேர்வு. இதனை உணர்த்த முந்தைய தலைமுறைத் திரை ஒன்றைக் காட்டலாம். ஒரு வரிக்கு 16 எழுத்தாக இரு வரி காட்டும் மலிவான திரைகளில் ஹிட்டாச்சி நிறுவனத்தின் எச்டி44780 சில்லோ அதனை ஒத்த சில்லோ இடம்பெறும். அதன் எழுத்துக் கட்டம் 5 நெடுவரிசையும் 8 கிடைவரிசையும் கொண்டது. பயனர் தாமே வரைந்துகொள்ள அதில் எட்டு எழுத்துக்கே இடமுண்டு. ஆனால் அச்சில்லின் பரவலான வகையொன்றில், ஆஸ்கிக்கு மேற்பட்ட இடங்களில் ஜப்பானியக் கத்தக்கானா எழுத்துகள் நிலையாகப் பதிக்கப்பட்டுள்ளன. சில்லை உருவாக்கிய நாட்டின் மொழி அட்டவணையில் இடம்பிடித்துள்ளது. அவ்விடமும் விலையின்றிக் கிடைக்கவில்லை. காஞ்சி எழுத்துகள் கட்டத்தில் அடங்காமையால் விடப்பட்டன. ஒலிப்பு மாற்றத்தைக் குறிக்கும் மேற்குறிகள் எழுத்தின் தோளில் அமையாமல் தனிக்கட்டத்திற்குத் தள்ளப்பட்டன. கட்டத்திற்கேற்ப எழுத்தை வளைத்தல், எழுத்திற்கேற்பக் கட்டத்தை மாற்றல் என இருவழிகள் உண்டு என்பதை இச்சான்று தெளிவாக்குகிறது. கட்டம் உறைந்துபோன பழைய சில்லில் முதல்வழியே எளிதாக இருந்தது. ஒவ்வொரு பிக்சலும் நிரலருக்குக் கைவரும் ஓஎல்இடி1 திரையில் அக்கட்டாயம் இல்லை. இருந்தும் நூலகம் பழைய கட்டத்தையே மென்பொருளில் மீண்டும் கட்டியெழுப்பியுள்ளது.

4. ஒரு சொல், நான்கு எண்ணிக்கை

'வெப்பநிலை' என்னும் சொல்லை அந்நூலகத்திடம் ஒப்படைத்தால் நேர்வதை நோக்கலாம். தமிழ் இலக்கண மரபின்படி இச்சொல்லில் வெ, ப், ப, நி, லை என ஐந்து எழுத்துகள் உள்ளன. ஒருங்குறியில் வ, எகரக்குறி, ப, புள்ளி, ப, ந, இகரக்குறி, ல, ஐகாரக்குறி என ஒன்பது குறியெண்கள். யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் மூன்று பைட் பெறுவதால் மொத்தம் 27 பைட். திரையில் வரைய வேண்டிய வடிவத்துண்டுகளோ எகரக்குறி, வ, ப், ப, நி, ஐகாரக்குறி, ல என ஏழு. ஆக ஒரே சொல்லுக்கு 5, 7, 9, 27 என நான்கு எண்ணிக்கைகள் உள்ளன.

நூலகம் அறிந்தது 27 என்பதை மட்டுமே. 27 பைட்டும் ஆஸ்கி எல்லைக்கு அப்பாற்பட்டவை. அவற்றுள் ஒன்றுக்கும் அட்டவணையில் உருவம் இல்லை. உருவம் இருப்பதாகவே கொண்டாலும் 27 கட்டங்களுக்கு 162 நெடுவரிசை தேவைப்படும். திரையின் அகலமோ 128.

இந்நான்கு எண்ணிக்கைகளுக்கும் இடையிலான வேறுபாடு தமிழின் குறைபாடாகப் பேசப்படுவதுண்டு. அது பிழையான பார்வை. எழுத்து என்னும் அலகைத் தொல்காப்பியம் வடிவத்தைக் கொண்டு அன்றி ஒலியைக் கொண்டே வரையறுக்கிறது. முதலெழுத்து முப்பது, சார்பெழுத்து மூன்று என்னும் அதன் பகுப்பில் உயிர்மெய் தனியெழுத்தாக எண்ணப்படவில்லை. மெய்யும் உயிரும் இயைந்த நிலையாகவே கொள்ளப்படுகிறது. ஒலியலகும் வடிவ அலகும் வேறுவேறு என்ற தெளிவு தமிழ் இலக்கண மரபுக்குப் புதிதன்று. அவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டது ஆஸ்கி அட்டவணை. ஆங்கிலத்தில் அது தற்செயலாகப் பொருந்தியது. அத்தற்செயலே பொதுவிதியாக நூலகத்தில் எழுதப்பட்டது.

5. நினைவகக் கணக்கு

சிறு கருவியில் 247 எழுத்துகளுக்கும் இடமில்லை என்பது தமிழுக்கு எதிராகக் கூறப்படும் முதற்காரணம். இதனைக் கணக்கிட்டே சோதிக்கலாம்.

உயிரெழுத்துகளுக்கு 12, ஆய்தத்திற்கு 1 என 13 வடிவங்கள் தேவை. 18 மெய்களுள் ஒவ்வொன்றுக்கும் அகரம் ஏறியது, புள்ளி பெற்றது, இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் ஏறியவை என ஆறு வடிவங்கள் வேண்டும், அவை 108. ஏனைய உயிர்மெய்கள் கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக்குறி, ஔகாரத்தின் வலக்குறி என்னும் ஐந்து தனித்துண்டுகளால் அமைந்துவிடும். மொத்தம் 126. ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ ஆகிய ஐந்துக்கும் ஆறாறு வடிவங்களும் 'ஸ்ரீ' ஒன்றும் சேர்த்தால் 157. எண்களையும் நிறுத்தக்குறிகளையும் பழைய அட்டவணையே தரும்.

ஒவ்வொரு துண்டுக்கும் 24 நெடுவரிசை அகலமும் 16 கிடைவரிசை உயரமும் தாராளமாக ஒதுக்குவதாகக் கொள்ளலாம். பெரும்பான்மை எழுத்துகளுக்கு இதில் பாதி அகலமே போதும். ஞூ, ணூ போன்றவற்றுக்காகவே இவ்வளவு. ஒரு துண்டுக்கு 48 பைட். 157 துண்டுக்கு 7,536 பைட். ஒவ்வொன்றின் மெய்யான அகலத்தையும் குறித்துவைக்க மேலும் 157 பைட். ஆக 7,693 பைட். 256 கிலோபைட் நிலைநினைவகத்தில் இது 3 விழுக்காட்டுக்கும் குறைவு. 32 கிலோபைட் மட்டுமே கொண்ட ஆர்டுயினோ ஊனோ போன்ற எளிய பலகையிலும் நான்கில் ஒரு பங்கைத் தாண்டாது. இடமில்லை என்ற கூற்று சாம் டி21 பலகையைப் பொறுத்தவரை உண்மையன்று.

இக்கணக்கு சுருங்கியதில் எழுத்துச் சீர்திருத்தத்துக்கும் பங்குண்டு. பெரியார் 1935இல் குடியரசு இதழில் கையாளத் தொடங்கிய சீர்திருத்த வடிவங்களைத் தமிழ்நாட்டு அரசு 1978இல் ஏற்றது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகிய ஏழும், அவற்றுள் முதல் மூன்றைத் தழுவிய ஒகர ஓகார வடிவங்கள் ஆறும் என 13 எழுத்துகள் மாறின. துண்டு நிலையில் நோக்கினால் நீங்கியவை ஏழு கூட்டு வடிவங்கள். ஒகர ஓகாரங்கள் அவ்வேழில் முதல் மூன்றையே பயன்படுத்தின. நினைவக அளவில் இது பெரிய சேமிப்பன்று. ஆனால் விதியளவில் பெரிது. ஆகாரத்திற்குக் கால், ஐகாரத்திற்கு ஓர் இணைகுறி என விதிவிலக்கின்றி அமைந்தமையால் வரையும் நிரல் எளிதாகிறது. அச்சுக்கோப்பின் சுமையைக் குறைக்க எழுந்த சீர்திருத்தம், அதனை முன்மொழிந்தோர் எண்ணியிராத ஒரு கருவிக்கும் பயன்படுகிறது.

வரையும் விதிகளும் சிலவே. மூன்று பைட்டுகளைச் சேர்த்துக் குறியெண்ணாக்குதல் முதற்படி. அடுத்த குறியெண்ணை முன்னோக்கிப் பார்த்தல் இரண்டாம் படி. அது புள்ளியாகவோ இகர, ஈகார, உகர, ஊகாரக் குறியாகவோ இருந்தால் அட்டவணையிலுள்ள இணைவடிவத்தை எடுக்க வேண்டும். கொம்போ ஐகாரக்குறியோ ஆயின் அதனை முதலில் வரைந்து பின்னர் மெய்யை வரைய வேண்டும். ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளாயின் இருபுறமும் வரைய வேண்டும். ஒகரக்குறி ஒரே குறியெண்ணாகவும் வரலாம். கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரிந்தும் வரலாம். இரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் இன்றியமையாதது. க்ஷ, ஸ்ரீ ஆகிய இரண்டுக்கு மட்டும் தனிவிதி வேண்டும். தேவநாகரி போன்ற எழுத்துமுறைகளில் உள்ள விரிந்த கூட்டெழுத்து அமைப்பு தமிழில் இல்லாமையால், பெருங்கணினிகளுக்குரிய வடிவமைப்புப் பொறி இங்குத் தேவைப்படவில்லை.

6. மாற்று வழிகளும் அவற்றின் போதாமையும்

நூலகத்தின் தடையைக் கடக்காமல் சுற்றிச்செல்லும் வழிகள் மூன்று உள்ளன.

முதலாவது, சொல்லைப் படமாக வரைந்து சேமித்தல். 128 நெடுவரிசையும் 16 கிடைவரிசையும் கொண்ட ஒரு வரிப்படம் 256 பைட் கொள்ளும். சில சொற்களுக்கு இது எளிது. ஆனால் 31ஆம் செய்தியில் படங்களின் மொத்த அளவு 7,936 பைட்டாகி, முழு எழுத்துருவின் 7,693 பைட்டைக் கடந்துவிடும். அளவினும் முதன்மையானது, படம் பனுவலன்று என்பது. பயனரின் பெயரையோ வெளியிலிருந்து வரும் செய்தியையோ படமாக முன்கூட்டி வரைந்துவைக்க இயலாது. படத்தைத் திருத்த முடியாது. புதிதாகத்தான் வரைய வேண்டும். இவ்வழியில் தமிழ் கருவியின் மேல் ஒட்டப்பட்ட முத்திரையாக நிற்குமேயன்றிக் கருவி பேசும் மொழியாகாது.

இரண்டாவது, தமிழை உரோமன் எழுத்தில் எழுதுதல். ண, ன வேறுபாடும் ல, ள, ழ வேறுபாடும் ர, ற வேறுபாடும் பொதுவழக்கு உரோமன் எழுத்தில் மறைகின்றன. குறில், நெடில் வேறுபாடும் உறுதியாக நிற்பதில்லை. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவருக்கு இவ்வழி ஆங்கிலத்தைப் போன்றே மூடிய கதவு.

மூன்றாவது, டேஸ்16 குறியேற்றம். தமிழ்நாட்டு அரசு 2010இல் ஒருங்குறியுடன் சேர்த்து இதனையும் தரமாக அறிவித்தது. இதில் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனிக்குறியெண் உண்டு. 'வெப்பநிலை' ஐந்து எழுத்தாகவும் ஐந்து குறியெண்ணாகவும் நிற்கும்; 16 இருமமாகச் சேமித்தால் 10 பைட்டில் அடங்கும். மெய்யும் உயிரும் கட்டமைப்பில் ஒழுங்காக அமைவதால் எண்கணிதத்தின் வழியே பிரித்தறியவும் இயலும். சிறு கருவியின் உள்ளமைப்புக்கு இது மிகப் பொருத்தமானதே. ஆயினும் கைப்பேசியிலிருந்தும் வலைத்தளத்திலிருந்தும் வரும் தமிழ் ஒருங்குறியில் உள்ளது. உள்ளே டேஸ்16 கொண்டாலும் வாயிலில் மாற்றி ஒன்று தேவை. அம்மாற்றி செய்ய வேண்டிய வேலை, முன்னர்க் கூறிய வரைவிதிகள் செய்யும் வேலைக்கு ஏறத்தாழ ஒப்பானது. எனவே டேஸ்16 ஒரு வசதி. தீர்வின் முன்தேவை அன்று.

7. சுழியும் புள்ளியும்

நினைவகம் தடையன்று எனில், எழுத்தின் உயரத்தை 16 கிடைவரிசையாகக் கொண்டது ஏன் என்ற வினா எழும். ஏழு கிடைவரிசைக்குள் தமிழைச் சுருக்கினால் நான்கு வரிகள் கிடைக்குமே என்று கருதலாம்.

தமிழெழுத்து மூன்று அடுக்குகளில் இயங்குகிறது. உடற்பகுதி நடுவடுக்கில் நிற்கும். புள்ளியும் இகர, ஈகார வளைவுகளும் மேலடுக்கில் அமையும். உகர, ஊகாரச் சுழிப்புகளும் ழ முதலியவற்றின் வால்களும் கீழடுக்கில் இறங்கும். நடுவடுக்குக்கு எட்டும் மேலுக்கும் கீழுக்கும் நந்நான்கும் என 16 கிடைவரிசை ஒதுக்கினால் மூன்றும் தெளிவாக அமையும். ஏழு கிடைவரிசையில் புள்ளிக்கு ஒன்றும் அதற்கும் உடலுக்கும் இடைவெளியாக ஒன்றும் போக ஐந்தே எஞ்சும். கீழடுக்குக்கு இடமே இராது.

அகலத்திலும் இதே நிலை. முச்சுழி ணகரத்தின் மூன்று வளைவுகளையும் பிரித்துக்காட்ட நான்கு ஒளிரும் கோடுகளும் அவற்றிடையே மூன்று இருள் இடைவெளிகளும் வேண்டும். குறைந்தது ஏழு நெடுவரிசை. ஐந்து நெடுவரிசையில் இருசுழி னகரத்திற்கே இடம் நெருக்கடியானது. அங்கு ணகரமும் னகரமும் ஒன்றாகிவிடும். 'பணி' என்பதும் 'பனி' என்பதும் ஒரே உருவமாகும்.

ஓலைச்சுவடிகளில் புள்ளி பெரும்பாலும் இடப்படவில்லை. கற்றோர் இடமறிந்து படித்தனர் என்பதைச் சான்றாகக் காட்டி, சிறுதிரையிலும் அவ்வாறே படிக்கலாம் என வாதிட இடமுண்டு. அவ்வாதம் நிலைக்காது. சுவடியைப் படித்தவருக்கு யாப்பும் அடியும் முன்பின் தொடரும் துணைநின்றன. கருவித்திரையில் நிற்பது ஒற்றைச் சொல். அதற்கு முன்னும் பின்னும் எதுவுமில்லை. படிப்பவரும் பயிற்சிபெற்ற புலவர் அல்லர். கருவியை இயக்க வந்தவர். சூழல் குறையும் அளவுக்கு எழுத்தின் தெளிவு மிக வேண்டும்.

8. விளிம்பில் அறுபடும் எதிர்மறை

தெளிவான தமிழெழுத்துக்கு 16 கிடைவரிசை என்றால் ஓஎல்இடி1 திரையில் இருவரிகளே அடங்கும். ஒரு துண்டுக்குச் சராசரி 12 நெடுவரிசை எனக் கொண்டால் ஒரு வரியில் பத்துத் துண்டு; திரைமுழுதும் இருபது. ஆங்கிலத்திற்கு ஒரு வரியில் 21 எழுத்தாக நான்கு வரியில் 84. இதுவே தமிழ் எதிர்கொள்ளும் மெய்யான இழப்பு.

இவ்விழப்பை எதிர்கொள்ளச் சொல்லைக் குறுக்குவது முதலில் தோன்றும் வழி. 'வெப்பநிலை' ஏழு துண்டு, 84 நெடுவரிசை. 'வெப்பம்' ஐந்து துண்டு, 60 நெடுவரிசை. இடத்தை மிச்சப்படுத்த இரண்டாவதை இடத் தோன்றும். ஆனால் வெப்பம் ஆற்றலின் ஒரு வடிவம். வெப்பநிலை அதனின் வேறான ஓர் அளவு. பள்ளி இயற்பியல் வலியுறுத்திக் கற்பிக்கும் இவ்வேறுபாட்டைக் கருவி அழித்தல் ஆகாது. மேலும் இங்குக் குறுக்கத் தேவையும் இல்லை. முதல்வரியில் 'வெப்பநிலை' முழுமையாக நின்று 44 நெடுவரிசை எஞ்சும். எண்ணை இரண்டாம் வரியில் காட்டலாம்.

இதனினும் கடுமையான சிக்கல் தொடரில் உள்ளது. திரையின் வலது விளிம்பைத் தாண்டும் பகுதி தோன்றாது. ஆங்கிலத் தொடரில் எதிர்மறைச் சொல் பொதுவாக முதன்மை வினைக்கு முன் நிற்கும். ஆதலால் இறுதி அறுபட்டாலும் மறுப்பு எஞ்சுதல் கூடும். தமிழில் வினைமுற்று தொடரின் இறுதியில் வரும். எதிர்மறை அவ்வினைமுற்றின் இறுதியில் வரும். 'மின்சாரம் துண்டிக்கப்படவில்லை' என்ற தொடரை ஒரே வரியில் இட்டால், 'மின்சாரம்' ஆறு துண்டு, 72 நெடுவரிசை, இடைவெளிக்கு ஆறு, எஞ்சும் 50 நெடுவரிசையில் நான்கு துண்டே அடங்கும். திரையில் நிற்பது 'மின்சாரம் துண்டிக்' என்பதாகும். படிப்பவர் மனம் அதனைத் 'துண்டிக்கப்பட்டது' என முடித்துக்கொள்வது இயல்பு. மின்சாரம் இருக்கும்போதே இல்லையென எண்ணிக் கம்பியைத் தொடும் நிலையை இவ்வறுபடல் உண்டாக்கக்கூடும். எழுத்துரு எத்துணைச் செம்மையாக அமைந்தாலும் இவ்விடர் நீங்காது.

தொடரை இடப்புறம் நகர்த்திக் காட்டும் வசதி எஸ்எஸ்டி1306 சில்லிலேயே உண்டு. அதுவும் இங்குப் போதுமான தீர்வன்று. நகரும் தொடரை ஒரு கணம் நோக்குபவர் மறுப்பு வரும்வரை காத்திருப்பார் என்பதற்கு உறுதியில்லை.

தீர்வு தமிழின் தொடரமைப்பிலேயே உள்ளது. உண்டு, இல்லை என்னும் குறிப்பு வினைமுற்றுகள் குறுகியவை. காலமோ இடமோ பாலோ காட்டும் விகுதி வேண்டாதவை. 'மின்சாரம் உண்டு' என்பதற்கு 114 நெடுவரிசை போதும். 'மின்சாரம் இல்லை' என்பதற்கு 126 தேவை; 128இல் அடங்கிவிடும். இது சுருக்கம் அன்று. தமிழ் பேசுவோர் இயல்பாகக் கூறும் முறையே. ஆங்கிலச் செய்தியின் செயப்பாட்டு வினையை அப்படியே பெயர்த்தமையால்தான் 'துண்டிக்கப்படவில்லை' என்னும் நெடுஞ்சொல் தோன்றியது. தமிழிலேயே சிந்தித்து எழுதியிருந்தால் அச்சிக்கல் எழுந்திராது. சிறுதிரையில் மொழிபெயர்ப்பின் செயற்கைத்தன்மை நடைக்குற்றமாக மட்டும் நிற்பதில்லை. அது காப்புக்குற்றமாகவும் ஆகிறது.

9. முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பெறப்படுவன வருமாறு:

சாம் டி21 பலகையிலும் ஓஎல்இடி1 திரையிலும் தமிழைக் காட்ட நினைவகமோ வேகமோ தடையாக இல்லை. 157 வடிவத்துண்டுகளும் ஒரு குறியெண் முன்னோக்கிப் பார்க்கும் எளிய விதிகளும் போதும்.

தடையாக நிற்பது ஒரு பைட் ஓர் எழுத்து என்னும் நூலகக் கோட்பாடு. அது மென்பொருளில் எடுக்கப்பட்ட முடிவாதலால் மென்பொருளிலேயே மாற்றத்தக்கது.

படமாக வரைதலும் உரோமன் எழுத்தில் எழுதுதலும் தமிழைக் காட்டுவதுபோல் தோன்றினும் அதனைப் பனுவலாகக் கருவிக்குள் நுழையவிடுவதில்லை.

திரையின் அகலம் மெய்யான வரம்பு. அதற்குள் எழுதத் தமிழின் குறுந்தொடர் அமைப்பு துணைசெய்யும். எதிர்மறை விளிம்புக்கு அப்பால் செல்லாமை எழுத்துருவைப் போன்றே சோதிக்கப்பட வேண்டிய ஒன்று.

கருவித்திரைக்குரிய செய்திகளை எழுதும் பணி இன்று நிரலரின் கடைசி வேலையாகவும் மொழியறிஞரின் வேலையே அல்லாததாகவும் உள்ளது. மதிப்பீட்டுப் பலகையில் முதற்பயிற்சி பெறும் மாணவர் வழக்கமான ஆங்கில வாழ்த்துத் தொடருக்கு மாறாக 'மின்சாரம் இல்லை' என்னும் தொடரைத் திரையில் வரையக் கற்பாராயின், எழுத்து, குறியேற்றம், தொடர், படிப்பவரின் நலம் ஆகிய நான்கையும் ஒருசேரக் கற்றவராவார்.